முத்துக்குளித்துறையிலிருந்து இலங்கையை நோக்கி

தூத்துக்குடிக்கு முதன்முறையாக வருகிறவர்கள் கடற்கரைக்குப் போனதும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இங்கிருந்து இலங்கை தெரியுமா?" என்பார்கள். தெரியாது. கிழக்கே முயல் தீவும் அதன் கலங்கரை விளக்கமும் தெரியும். அதற்கப்பால் துறைமுகத்திற்குள் நுழைய முறைக்காகக் காத்து நிற்கும் சரக்குக் கப்பல்கள் தெரியும். பிறகு வெறும் தண்ணீர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தீவு இந்த ஊரின் பேச்சில், சமையலில், கல்யாண சம்பந்தங்களில், கடன் கணக்குகளில் எங்கும் நிறைந்திருக்கிறது. கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டனார் இல்லாத பழைய குடும்பம் இவ்வூரில் அபூர்வம்.

கோடை விடுமுறையில் நாம் இந்த ஊரில் பத்து நாள் தங்கினோம். துறைமுகத்தையும் உப்பளங்களையும் பனிமய மாதா கோயிலையும் பார்ப்பது நோக்கம். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது ஒரே இடத்தில் போய் நின்றது: 1987-ஆம் வருஷம். இந்திய ராணுவம் இலங்கைக்குச் சமாதானம் செய்து வைக்கப் போன வருஷம். கையில் துப்பாக்கியோடு போய், மாகாண சபை என்னும் ஜனநாயக ஸ்தாபனத்தை நாட்டி வைத்துவிட்டுத் திரும்ப முயன்ற கதை. நம் நாடு தன் எல்லைக்கு வெளியே செய்து பார்த்த மிகப் பெரிய காரியங்களில் அது ஒன்று. அதைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நமக்குத் தோன்றியது இந்தக் கரையில்தான்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம்.

இப்போது நாம் கப்பல்களைப் பார்க்கும் பெரிய துறைமுகம் புதியது. 1974-இல்தான் அதற்குப் பெருந்துறைமுகம் என்ற அந்தஸ்து கிடைத்தது, 2011-இல் வ. உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகமே நம் மனத்தைக் கவர்ந்தது. அங்கே தோணிகள் நிற்கின்றன. மரத்தால் கட்டிய பெரிய தோணிகள். முன்பு பாய் விரித்து ஓடியவை. இப்போது எந்திரம் பூட்டி ஓடுகின்றன. வெங்காயமும் மிளகாயும் பருப்பும் ஓடும் செங்கல்லும் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனது இவற்றில்தான். பிரயாணிகளுக்கோ நீராவிக் கப்பல் இருந்தது. சென்னையில் புறப்பட்ட போட் மெயில் 1914 வரையில் தூத்துக்குடிக்குத்தான் வந்தது. கரையோரம் ஆழம் போதாது. ஆகையால் பெரிய கப்பல் சில மைல் தள்ளி நிற்கும். படகில் போய் ஏறி ஓரிரவு கழித்தால் கொழும்பு. பாம்பன் பாலம் கட்டித் தனுஷ்கோடி வழி திறந்தபின் அந்தப் பெருமை ராமேசுவரத் தீவுக்குப் போய்விட்டது. 2011-இல் மறுபடி ஒரு பிரயாணிக் கப்பல் இங்கிருந்து கொழும்புக்கு விட்டார்கள். ஜூனில் தொடங்கி, அவ்வாண்டு நவம்பருக்குள் நின்றது.

இந்தத் தடத்தில்தான் வ. உ. சி. தம் சுதேசிக் கப்பல்களை விட்டார். 1906 அக்டோபரில் கம்பெனி பதிவாயிற்று. 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரியாக இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, இன்னும் குறைத்து, கடைசியில் இனாமாகவே ஏற்றிக்கொண்டு போவதோடு குடையும் கொடுத்தது என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் நாமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். பையன்கள் குடைக்குத்தான் சிரிப்பார்கள். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அந்நியனுடைய கப்பலும் வேண்டாம், அவனுடைய சாமானும் வேண்டாம் என்பது அந்நாளைய முழக்கம்.

இந்த முழக்கத்தை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்பத்தோரு வருஷங்களுக்குப் பிறகு அதே கடலின் மறுகரையில் அது எப்படி ஒலித்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

கப்பலுக்கும் முந்திய பழைய கதை முத்தினுடையது. தாமிரவருணி கடலில் கலந்த இடத்தில் கொற்கை இருந்தது. கடல் பின்வாங்கிப் போக, இன்று கொற்கை கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூராக இருக்கிறது. முத்து எடுக்கும் தொழில் தூத்துக்குடிக்கு வந்தது. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தொள்ளாயிரம் பார் என்று ஒன்று பிரசித்தமானது. ஆங்கில சர்க்காரின் காலத்தில் குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது வாங்கியவன் அதிர்ஷ்டம். 1955 முதல் 1961 வரையில் நடந்ததே இந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த முத்துக்காகத்தான் வெளியார் வந்தார்கள், அல்லது வரவழைக்கப்பட்டார்கள். 1530-களில் கரையோரத்துப் பரதவர்களுக்கும் மரக்கல வாணிகம் செய்த முஸ்லிம்களுக்கும் முத்துக்குளிக்கும் உரிமை பற்றிக் கடும் பகை மூண்டது. பரதவர்களின் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டது. ஞானஸ்நானம் பெற்றார்கள், பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் காக்க வந்தவர்கள் கப்பம் வாங்குகிறவர்களாகத் தங்கிவிட்டார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களைத் துரத்தினார்கள். டச்சுக்காரர்களுக்குக் கத்தோலிக்க மதம் ஆகாது. மக்களைத் தங்கள் வழிக்குத் திருப்பப் பார்த்தார்கள். முடியவில்லை. பனிமய மாதாவின் கோயில் 1713-இல், டச்சு ஆட்சியிலேயே, எழுந்தது. ஆளுகிறவனை மாற்றிவிடலாம், ஜனங்கள் எங்கே போய் முழந்தாள் இடுவார்கள் என்பதை மாற்றுவது வேறு காரியம்.

இன்னொன்றும் கவனித்தோம். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவருக்கொருவர் பகைவர்கள். ஆனால் மூவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். பரதவர்களின் தலைவர் ஒருவரை, பாண்டியபதி என்று அழைக்கப்பட்டவரை, அங்கீகரித்து அவரோடு மட்டும் பேசினார்கள். வெளியிலிருந்து வருகிறவனுக்கு ஊர் முழுவதோடும் பேச நேரமில்லை. பேச ஒரு ஆள் வேண்டும். பாண்டியபதிக்கு ஊரிலேயே வேர் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த மரியாதை இருந்தது. 1806-இல் மாதாவுக்குப் பொன் தேர் ஓட்டியவரும் ஒரு பாண்டியபதிதான். ஆகவே அந்த ஏற்பாடு நிலைத்தது. வேரில்லாத ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊரோடு பேசிவிட்டதாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1988-ஐப் பார்க்க வேண்டும்.

இலங்கைக்கு வாக்குச் சீட்டு புதிதல்ல. 1931-லேயே, வெள்ளைக்கார சர்க்காரின் கீழ், ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. அப்போது நமக்கு அது கனவு. ஆனால் முதல் தேர்தலிலேயே யாழ்ப்பாணம் வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், "பூரண சுயராஜ்யம் இல்லாத இந்தச் சீர்திருத்தம் எதற்கு?" என்று பகிஷ்காரம் செய்தது. நம்முடைய சத்தியாக்கிரக இயக்கத்தைப் பார்த்து உண்டான உற்சாகம் அது. குடாநாட்டின் நான்கு ஸ்தானங்களும் 1934 வரை காலியாகக் கிடந்தன. சுதந்திரம் வந்த 1948-லேயே மலைநாட்டுத் தோட்டத் தமிழர்களின் பிரஜா உரிமை பறிபோயிற்று. அதைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. அவர்களுடைய முன்னோர்களில் ஒரு பகுதியார் இந்தத் தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்கள்தாம். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து 18 ஸ்தானங்களை வென்றது. 1981-இல் யாழ்ப்பாண மாவட்ட சபைத் தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் நடந்ததை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் வந்த ஆறாவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி பிரமாணம் செய்ய மறுத்துக் கூட்டணியார் பார்லிமெண்டை விட்டு வெளியேறினார்கள். ஆக, இந்திய சிப்பாய் போய் இறங்குவதற்கு முன்பே, அந்த நாட்டுத் தமிழருடைய வீட்டில் வாக்குச் சீட்டு செல்லாக் காசாகிவிட்டிருந்தது. அந்தக் காசுக்கு மறுபடி மதிப்பு உண்டாக்கும் வேலைதான் நம் ராணுவத்தின் தலையில் விழுந்தது.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும். அதற்குத் தேர்ந்தெடுத்த சபை. கிழக்கு மாகாணத்தில் 1988 முடிவதற்குள் இணைப்பைப் பற்றி ஜனவாக்கெடுப்பு. இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியது. இந்திய அமைதிப்படை அதைப் பார்த்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. இன்றும் நாம் அப்படியே சொல்லுவோம். ஆனால் கையெழுத்துகளைப் பாருங்கள்: இரண்டு சர்க்கார்கள். யாருடைய குறைக்காக ஒப்பந்தமோ அந்தத் தமிழர்களின் கையெழுத்து இல்லை. கிழக்கில் வாழும் முஸ்லிம்களின் கையெழுத்து இல்லை. சிங்கள ஜனங்களுக்கோ இது ஊரடங்குச் சட்டத்தின் நடுவில் நடந்த காரியம். மறுநாள் அணிவகுப்பில் கடற்படைச் சிப்பாய் ஒருவன் நம் பிரதமரைத் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தான். ஒரு நாட்டின் கௌரவ அணிவகுப்பிலிருந்தே அடி விழுகிறதென்றால் ஊருக்குள் என்ன மனநிலை இருந்திருக்கும்!

பலாலியில் இறங்கிய நம் படையை யாழ்ப்பாணத்தார் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆகஸ்டு 4 அன்று சுதுமலையில் பிரபாகரன் பேசினார். ஆயுதங்கள் ஓரளவு ஒப்படைக்கப்பட்டன. செப்டம்பர் 15 முதல் நல்லூரில் திலீபன் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்து 26 அன்று இறந்தார். உண்ணாவிரதம் நம்முடைய ஆயுதம் அல்லவா? நம் சர்க்காரை எதிர்த்தே அதைப் பிரயோகிப்பார்கள் என்று டில்லியில் எவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அக்டோபர் 5 அன்று பலாலியில் இலங்கைக் காவலில் இருந்த புலிகளில் குமரப்பா, புலேந்திரன் உள்பட 12 பேர் நஞ்சு அருந்தி மாண்டார்கள். அக்டோபர் 10 அன்று யுத்தம் தொடங்கிவிட்டது. சமாதானம் செய்யப் போன மூன்றாம் மாதத்திலேயே மத்தியஸ்தன் வாதியாகிவிட்டான். அக்டோபர் 21, தீபாவளித் திருநாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படையினர் சுட்டதில் டாக்டர்களும் தாதியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கு மேற்பட்டவர் மாண்டனர். அதே யுத்தத்தில்தான் மேஜர் ராமசாமி பரமேசுவரன் நவம்பர் 25 அன்று பதுங்கித் தாக்கியவர்களை எதிர்த்து நின்று உயிர் நீத்துப் பரம்வீர சக்கரம் பெற்றார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது தேசபக்தி ஆகாது.

இந்த நிலையில்தான் தேர்தல் நடந்தது. சட்டம் முறையாகவே வந்தது. 1987 நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தம். 1988 செப்டம்பரில் வடகிழக்கு இணைப்பு. நவம்பர் 19 வாக்குப் பதிவு. புலிகள் பகிஷ்கரித்தார்கள்; கூட்டணியும் நிற்கவில்லை. வடக்கில் இருந்த 36 ஸ்தானங்களுக்கு ஈ. பி. ஆர். எல். எஃப். 24 பேரையும் ஈ. என். டி. எல். எஃப். 12 பேரையும் நிறுத்தின. எதிர்த்து எவரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. ஒரு வாக்குக்கூட விழாமல் 36 பேர் மக்கள் பிரதிநிதிகள் ஆனார்கள்! முத்துக்குளித்துறை வியாபாரியிடம் இதைச் சொன்னால், "உள்ளே இன்ன முத்து இருக்கிறதென்று முன்னாலேயே தெரிந்த சிப்பிக்கு ஏலம் எதற்கு?" என்று கேட்பான்.

கிழக்கில் நடந்தது வேறு. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களில் போட்டி இருந்தது. ஜனங்களும் திரளாக வந்து வாக்களித்தார்கள். 35 ஸ்தானங்களில் ஈ. பி. ஆர். எல். எஃப். 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் சிங்களர், தமிழர் என்று இரண்டு கட்சியைத்தான் கண்டார்கள். பெட்டியைத் திறந்தபோது மூன்றாவது ஜனசமூகம் சரிபாதியாக எழுந்து நின்றது. தேர்தல் என்றால் இதுதான். நடத்துகிறவன் அறியாத ஒன்றை அது சொல்ல வேண்டும். வடக்கில் அது எதையும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்தது.

இந்த இடத்தில் நம் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்லலாம். பள்ளிக்கூட வாத்தியார்களாகிய எங்கள் தலையில் சர்க்கார் சுமத்தும் பல வேலைகளில் தேர்தல் வேலையும் ஒன்று. வாக்குச் சாவடித் தலைவராக நாம் பல தேர்தல்களில் இருந்திருக்கிறோம். வாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர் நிற்பார். ஆகையால் துப்பாக்கியே தேர்தலுக்கு ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தேர்தலை நடத்துவது அந்தத் துப்பாக்கி அல்ல. விடியற்காலையில் கட்சி ஏஜெண்டுகள் வருவார்கள். ஊரில் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கடைத் தேநீரைக் குடிப்பார்கள். அவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப் பதிவு நடத்திக் காட்டி, முத்திரை வைத்து, முத்திரைக் காகிதத்தில் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்க வேண்டும். சாயங்காலம் வாக்குகளின் எண்ணிக்கை எழுதிய பதினேழு-சி படிவத்தின் நகலை ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். தோற்கப் போகிறவனும் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அடுத்த தேர்தல் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். அந்த மடித்த காகிதத்தில்தான் நமது ஜனநாயகத்தின் உயிர் இருப்பதாக நமக்குப் படுகிறது. நான்கு டிவிஷன் படை கொண்டுபோனாலும் அந்த எண்ணத்தைக் கொண்டுபோக முடியாது. நம் வீட்டிலும் இது எப்போதும் ஒழுங்காக நடந்துவிடவில்லை. அதே 1987 மார்ச்சில் காஷ்மீரத்தில் நடந்த தேர்தலைப் பற்றி எழுந்த புகார்களையும் பின்னால் விளைந்ததையும் நேயர்கள் அறிவார்கள்.

1988 டிசம்பர் 10 அன்று வரதராஜப் பெருமாள் திருகோணமலையில் முதல் மந்திரியானார். படித்தவர், பொருளாதாரம் அறிந்தவர். அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்க நமக்கு இடமில்லை. ஆனால் பணம் கொழும்பின் கையில். போலீசும் நிலமும் காகிதத்தில். கவர்னரோ இலங்கைப் படையின் முன்னாள் தளபதி. தெருவில் பாதுகாப்போ இந்தியச் சிப்பாய். சொந்தமாக ஒரு படை வேண்டும் என்று தமிழ் தேசிய ராணுவம் என்ற பெயரில் பையன்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்திற்குப் போன பிள்ளைகளை வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். வாத்தியாராகிய நமக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லாத பிள்ளை எங்கே என்று கேட்டால், மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன்களில் பலர் 1989 இறுதியிலும் 1990 தொடக்கத்திலும் புலிகளின் கையில் மடிந்தார்கள். ஜனநாயக ஸ்தாபனம் ஒன்றைக் காப்பாற்றுவதற்காகப் பிடிக்கப்பட்ட குழந்தைகள்!

தெற்கில் என்ன நடந்தது? பழைய துறைமுகத்தில் ஒரு முதிய தண்டலைச் சந்தித்தோம். தோணியை நடத்தும் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். எழுபது வயதுக்கு மேல். உப்புக் காற்றில் பதப்பட்ட உடம்பு. கொழும்புக்கு எத்தனை நடை போனோம் என்ற கணக்கை விட்டுவிட்டதாகச் சொன்னார். 1989-ஐப் பற்றிக் கேட்டோம்.

"அந்த வருஷமா? வெங்காயம் ஏத்திக்கிட்டுப் போனோம், வாத்தியாரையா. இறக்க ஆள் வரலை. நமக்குப் பழக்கமான முதலாளிதான். நல்ல மனுஷன், சிங்களவர். தனியாக் கூப்பிட்டு, 'தம்பி, இந்தியச் சாமானைத் தொட்டாக் கொன்னுடுவோம்னு சீட்டு ஒட்டியிருக்கான். நான் பிள்ளைகுட்டிக்காரன்'னு கையைப் பிடிச்சுக்கிட்டார். மூட்டை முளைவிட்டுப் போச்சு."

ஜனதா விமுக்தி பெரமுனா என்னும் சிங்கள இளைஞர் இயக்கம் இந்தியச் சாமான்களைப் பகிஷ்கரிக்கும்படி உத்தரவு போட்டிருந்த காலம் அது. மீறினவர்களுக்கு மரணமே தண்டனை. வ. உ. சி.யின் கப்பல் போன தடத்தில் போன நம்மூர் வெங்காயம் அந்நியச் சாமான் ஆகிவிட்டது! பெரமுனாவின் கொலைகளைச் சுதேசி இயக்கத்தோடு சேர்த்துப் பேசுவது அபசாரம், நாம் பேசவில்லை. ஆனால் தன் மண்ணில் அந்நியப் படை நிற்பதைப் பார்த்து ஓர் இளைஞனுக்குப் பற்றிக்கொண்டு வரும் கோபம் இருக்கிறதே, அது நமக்குத் தெரியாத பாஷை அல்ல. சிங்களருக்கு நம் படை தீவைப் பிளக்க வந்த படை. புலிகளுக்கு அது ஈழத்தைத் தடுக்க வந்த படை. தெற்கும் வடக்கும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டன: இந்தியன் போக வேண்டும்.

"உங்களை யாராவது ஏதாவது செய்தார்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"கடல்ல போறவனை யார் என்ன செய்வா? கரையிலதான் பயம்" என்றார் தண்டல். "யாழ்ப்பாணத்து ஆளும் என்கிட்ட, 'உங்க பட்டாளம் எப்ப போகும்?'னு கேட்டான். கொழும்பு ஆளும் அதையேதான் கேட்டான். நான் ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். 'நானா அனுப்பினேன்? என்கிட்ட இருக்கிறது வெங்காயம்'னேன்."

அந்த ஒற்றுமை அப்படியே அரசியலாக மாறிற்று. 1988 டிசம்பரில் பிரேமதாசா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரும் வாக்குச் சீட்டால் வந்தவர்தான். இந்தியப் படையை அனுப்பிவிடுவதாகச் சொல்லி வாக்குக் கேட்டவர். இந்த நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: நாம் காக்கப் போன ஜனநாயகமே நம்மை வெளியே போகச் சொல்லிற்று. அவர் புலிகளோடு பேச்சு நடத்தினார், ஆயுதமும் கொடுத்தார். ஒப்பந்தம் செய்த நாடு ஒரு பக்கம், அந்த ஒப்பந்தத்தை எதிர்த்துப் போரிடுகிறவர்களுக்கு ஆயுதம் கொடுக்கும் அதே நாடு மறுபக்கம்! நடுவில் நம் சிப்பாய். 1989 ஜூலையில் அமிர்தலிங்கம் கொழும்பில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குச் சீட்டை நம்பிய பழைய தலைமுறையின் பெருந்தலைவர் அவர்.

டிசம்பரில் டில்லியிலும் ஆட்சி மாறியது. 1990 மார்ச் 1 அன்று வரதராஜப் பெருமாள் மாகாண சபையிலேயே ஈழப் பிரகடனத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தனிநாட்டைத் தவிர்ப்பதற்காக உண்டான சபையில் கடைசியில் எழுந்த குரல் தனிநாடு! அந்த மாதம் 24-ஆம் தேதி கடைசிச் சிப்பாய் திருகோணமலையில் கப்பலேறினான். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சர் போகவில்லை. சுமார் 1,200 பேர் திரும்பி வரவே இல்லை. சபையைச் சேர்ந்தவர்களையும் குடும்பங்களையும் கப்பலேற்றித் தமிழ்நாட்டில் இறக்க இடமின்றி ஒரிசாவுக்குக் கொண்டுபோனார்கள். சபை கலைக்கப்பட்டது. ஜூனில் புலிகளுக்கும் கொழும்புக்கும் மறுபடி யுத்தம் மூண்டது. அதே மாதம் ஈ. பி. ஆர். எல். எஃப். தலைவர் பத்மநாபா சென்னையில் தோழர்களோடு கொல்லப்பட்டார். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். அதற்கு மேல் நாம் என்ன சொல்வது?

"வேறு எங்குமே இது பலிக்கவில்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். 1945-க்குப் பிறகு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வெற்றி கொண்ட படைகளின் காவலில் ஜனநாயகம் வேரூன்றிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாடுகள் அடியோடு சரணடைந்தவை. உள்ளே ஒன்றையொன்று கொல்லும் கட்சிகள் இல்லை. பழைய சர்க்கார் இயந்திரமும் பார்லிமெண்டின் ஞாபகமும் இருந்தன. எது நாடு, எங்கே அதன் எல்லை, யார் அதன் குடிகள் என்பதில் ஊருக்குள் சண்டை இல்லை. ஈராக்கில் அப்படியல்ல. 2003-இல் அமெரிக்கர் போய், 2005 ஜனவரியில் தேர்தல் வைத்தபோது சுன்னி மக்களில் பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் பிளவு இன்னும் அகன்றது. ஆப்கானிஸ்தானத்தில் இருபது வருஷம் முயன்றார்கள். 2021 ஆகஸ்டில் எல்லாம் சில நாட்களிலே சரிந்துபோயிற்று. வடக்கு இலங்கையின் 36 ஸ்தானங்களை அறிந்த நமக்கு இவையெல்லாம் பழைய செய்தி. ஆனால் நம்மிடம் பாடம் கேட்க யாரும் வரவில்லை. நாமும் அதை எழுதி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பதின்மூன்றாவது திருத்தம் சாகவில்லை. 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு வடகிழக்கு இணைப்பு செல்லாதென்றது. கிழக்குக்கு 2008-லும் வடக்குக்கு 2013 செப்டம்பரிலும் தனித்தனியே தேர்தல் நடந்தது. 1988-இல் ஒரு வாக்கும் விழாத அந்த வடக்கில் 2013-இல் ஜனங்கள் வரிசையில் நின்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38-இல் 30 ஸ்தானம் கொடுத்தார்கள். முன்னாள் நீதிபதி விக்னேசுவரன் முதல் மந்திரியானார். அப்போது அங்கே இந்தியச் சிப்பாய் ஒருவனும் இல்லை. யுத்தம் 2009-இல் பயங்கரமான முறையில் முடிந்திருந்தது; இலங்கை ராணுவம் மட்டும் எங்கும் நிறைந்திருந்தது. அதற்கு நடுவிலும் போட்டி என்று ஒன்று இருந்ததால் வாக்குக்குப் பொருள் இருந்தது. அந்தச் சபைக்கும் அதிகாரம் போதவில்லை. 2018 அக்டோபரில் காலம் முடிந்தபின் மறுதேர்தல் இன்றியே ஆண்டுகள் பல கழிந்தன.

தூத்துக்குடியை விட்டு வடமேற்கே எட்டயபுரம் போகும் பக்கத்தில் தாப்பாத்தி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அகதிகள் முகாம் ஒன்று உண்டு. 1990 ஜூனில் மூண்ட யுத்தத்திற்குப் பிறகு லட்சத்துக்கு மேற்பட்டவர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்களே, அப்படிப்பட்ட குடும்பங்களின் இருப்பிடம். நமது நண்பராகிய ஆசிரியர் ஒருவர் அவ்வட்டாரத்துப் பள்ளியில் வேலை பார்த்தவர். முகாமில் பிறந்த பிள்ளைகள் அவரிடம் படித்திருக்கிறார்கள். குடிமைப் பயிற்சி வகுப்பில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை உண்டு என்ற பாடத்தை நடத்தும்போது, "எங்களுக்கு எந்த ஊரில், சார்?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாளாம். "நீ என்ன பதில் சொன்னாய்?" என்றோம். "மணி அடித்துவிட்டது" என்றார் நண்பர்.

அந்தப் பெண் இப்போது கல்யாணமாகித் திருச்சிப் பக்கத்து முகாம் ஒன்றில் இருக்கிறாளாம். அவளுக்கு ஒரு பையன்; அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம்.